பிள்ளையார் கோயிலோடு முடியும் தெரு

தம்பி, அந்த டேப்பைச் சுருட்டி வெச்சுப்போட்டு உள்ள வந்து உக்காருங்க. வெயிலு மண்டையப் பொளக்குது. கோயிலு எங்கயும் ஓடிப்போயிராது, அப்பறமா அளந்துக்கலாம். இந்தாங்க, மோர் குடிங்க. கவுர்மெண்டு ஆளுக எங்க தெருவுல உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சதே இல்லீங்க. வருவாங்க, அளப்பாங்க, போயிருவாங்க. நீங்கதான் ‘ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கம்மா’ன்னு கேட்டீங்க. கேட்டுப்போட்டீங்கல்ல, முழுசாக் கேட்டுட்டுத்தான் போகோணும்.

என்ற பேரு வசந்தாமணி. இந்தப் பொன்மணி கார்டன்ல கடைசி வூடு எங்களுது. எங்க காம்பவுண்டை ஒட்டிக் கோயிலு, கோயிலுக்குப் பொறத்தால எங்க குடியிருப்போர் சங்கத்துல கட்டுன செவுரு, அதோட தெரு முடிஞ்சுது. சங்கத்துல மகளிர் அணித் தலைவி நானு. தலைவர் தண்டபாணி அண்ணன். அவரு எங்க போனாலும் ‘வசந்தாமணி, நீயும் வா, நாலு வார்த்தை நீ பேசுனாத்தான் ஆபீசர் கேக்கறாரு’ம்பாரு. பெருமைக்குச் சொல்லலீங்க. நடந்ததச் சொல்றேன்.

டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதுங்களா? என்ற வூட்டுக்காரருதான். சித்தெ இருங்க, பாத்துட்டு வந்தர்றேன்.

ஒண்ணுமில்லீங்க, அறைக்கதவத் தொறந்து வெக்கச் சொல்றாரு. வாசல்ல யாராச்சும் பேசுனா அவருக்குக் கேட்டுட்டு இருக்கோணும். ஆறுச்சாமின்னு பேரு. ஆயுசு பூராவும் பஸ்ஸுல கண்டக்டரு. இப்பப் பக்கவாதம். வலது கையி, வலது காலு ரண்டும் வரல. பேச்சும் போயிருச்சு. எதாச்சும் வேணும்னா இடது கையால கட்டில் சட்டத்தத் தட்டுவாரு. அத்தன கூட்டத்துக்கு நடுவால ‘டிக்கெட், டிக்கெட்’னு கத்துன தொண்டைங்க அது. இப்ப ‘வசந்தா’ன்னு ஒரு வார்த்தை கூப்புட மாட்டாரான்னு நான் காத்துட்டுக் கெடக்கறேன். வெளிய சிரிச்சுப் பேசிட்டு இருக்கறேன், உள்ள நெஞ்சு வெந்துட்டு இருக்குதுங்க தம்பி.

டாக்டரு என்ன சொன்னாருன்னா, தெனம் கூட்டியாந்து கை காலுக்குப் பயிற்சி குடுத்தா எந்திரிச்சு நடந்துருவாரும்மா, பேச்சுங்கூடக் கொஞ்சம் திரும்பும், ஆனா இப்பவே பண்ணோணும், நாளு தள்ளிப் போச்சுன்னா அப்பறம் நீங்க எந்த ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாலும் ஒண்ணும் ஆகாதுன்னாரு. தெனம் போறதுக்கு நாங்க தயாருங்க. ஆசுபத்திரி எங்க இருக்குதுன்னு நெனைக்கறீங்க? எங்க மொட்டைமாடிக்கு வாங்க, காட்டறேன். கோயிலுக்கு அக்கட்டால, செவுத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கட்டடம். போர்டைப் படிக்கலாம். வாசல்ல பேரு கூப்புடறது இங்க காதுல உழுகும். ஆனா போகோணும்னா? இந்தத் தெருவ உட்டு வெளிய போயி, மெயின் ரோட்டப் புடிச்சு, ரயில்வே கேட்டுல நின்னு, மேம்பால வேலை நடக்கற எடத்துல ஊந்து ஊந்து போயி, ஊரையே ஒரு சுத்துச் சுத்தி வரோணும். காருல உக்கார வெச்சாச் சாஞ்சு சாஞ்சு உழுகறாரு. போயிட்டு வந்தா ரண்டு நாளைக்குக் கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரு. போன வாரத்துல ஒருக்காதான் போனோம். இந்த வாரம் அதுவும் இல்ல.

இதுக்கு யாரக் கேக்கறதுங்க? நிலத்துக்கு ஒரு ஆபீசு, ரோட்டுக்கு ஒரு ஆபீசு, பஸ்ஸுக்கு ஒரு ஆபீசு. நான் மூணுக்கும் போயிருக்கறேன். நிலத்துக்காரரு சொல்றாரு, இது குடியிருப்பா விவசாயமான்னு கலர் போடறதுதான் எங்க வேலை, பஸ்ஸு எங்களுக்குத் தெரியாதும்மாங்கறாரு. பஸ்ஸுக்காரரு சொல்றாரு, ரோடு நேரா இருந்தா நாளைக்கே உடறோம், ரோட்டுக்காரங்களக் கேளுங்கங்கறாரு. ரோட்டுக்காரரு, நிலம் எங்க கைக்கு வந்தாத்தானேங்கறாரு. ஒரே கட்டடத்துல மாடி மாடியா இருந்துட்டு, ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்க மாட்டாங்களாட்ட இருக்குது. வூடு வரப்போவுதுன்னாப் பஸ்ஸு வரோணும், பஸ்ஸு வரோணும்னா ரோடு வேணும். எட்டு வயசுப் பையனக் கேட்டாலும் சொல்லுவான். இதையெல்லாம் ஒட்டுக்கா உக்காந்து ரோசிக்க ஒரு ஆளு வேண்டாமுங்களா? எழுதிக்கங்க. மொத ஆட்சேபணை இதுதான்.

கடையவே எடுத்துக்கங்க. இந்த நகர்ல ஒரு கடை இல்ல. முந்தி ஒருத்தரு முன்ரூமுல மளிகைக்கடை வெக்கப் பாத்தாரு. குடியிருப்புப் பகுதியில கடை கூடாதுன்னு நாங்கதான் மனுக் குடுத்து நிறுத்துனோம். கண்ட கண்ட ஆளுக வந்து நிப்பாங்கல்லங்க. இப்ப ஒரு தீப்பெட்டி வேணும்னாலும் மெயின் ரோட்டுக்கு நடக்கோணும். மருந்துக்கடைக்கு அதுக்கும் மேல. இதயெல்லாம் ஆபீசுல இருக்கறவங்க முன்னாடியே ரோசிக்க வேண்டாமா?

நாங்க இங்க எடம் வாங்கறப்ப அக்கட்டால பூராவும் சோளக்காடு. வரைபடத்துல பச்சைக் கலரு. புரோக்கரு சொன்னான், இது பச்சை, எந்தக் காலத்துலயும் பச்சைதான், உங்க வூட்டு ஜன்னலத் தொறந்தாக் காத்து அள்ளிட்டுப் போயிரும்னான். அத நம்பித்தான் வாங்குனோம். அப்பறம் ஒரு நாளு பேப்பர்ல பாத்தா, பச்சைய மஞ்சளாக்கிப்போட்டாங்களாம். மஞ்சள்னாக் குடியிருப்பு. குடியிருப்புன்னா எங்களமாதரி தோட்டம் வெச்ச வூடுன்னு நெனச்சீங்களா? கவுர்மெண்டு அடுக்குமாடி. வாய்க்கா ஓரத்துல குடிசை போட்டிருந்தவங்களையெல்லாம் கூட்டியாந்து குடி வெக்கறதுக்கு. அதுவும் எங்க தெருவோட நேரா இணைச்சு.

நான் யாரையும் கொறவாச் சொல்லலீங்க. அவிங்களும் மனுசங்கதான். ஆனா எங்க தெருவுல பொண்டு புள்ளைக பொழுதோட வாக்கிங் போவாங்க. அத்தன குடும்பமும் அத்தன வண்டியும் இந்த வழியா நொழைஞ்சா என்ன ஆகறது? சங்கத்துல கூட்டம் போட்டோம். அப்பத்தான் என்ற வூட்டுக்காரரு எந்திரிச்சு, ‘தெரு முடியறாப்புல இருக்கற அந்த எடம் நம்முளுது இல்ல, பக்கத்துக் காட்டுல வூடு வந்தா இணைக்கறதுக்குன்னே உட்ட ரோடு, லே-அவுட் அனுமதி வாங்கறப்பவே அப்படித்தான்’னாரு. சங்கத்துல யாரு பக்கம் பேசறாருன்னு பாத்தீங்களா? எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

தண்டபாணி அண்ணன்தான் வழி சொன்னாரு. தெருமுட்டுல பிள்ளையார் இருந்தா நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும். அதுலயும் திருடிட்டு வந்து வெச்ச பிள்ளையாருக்குத்தான் சக்தி. எங்க பக்கமெல்லாம் அப்படித்தாங்க, காசு குடுத்து வாங்குன பிள்ளையார் சும்மா உக்காந்திருப்பாரு, திருட்டுப் பிள்ளையார்தான் வேலை செய்வாரு. அதே சோளக்காட்டுல கிணத்து மேட்டுல ஒருத்தரு இருந்தாரு. காட்டையே எடுத்துட்டாங்க, யாரும் ஒரு வெளக்குக்கூட வெக்கல. மத்தியானம் வேலைக்காரங்க சோத்துக்குப் போனப்ப, பொம்பளைக நாங்க அஞ்சாறு பேரு போயி, சீலையில சுத்தித் தூக்கியாந்துட்டோம். காருல என்ற மடியிலதான் உக்காந்துட்டு வந்தாரு. கைக்கொழந்தையாட்டம். இப்ப நெனச்சாலும் எனக்குச் சிலுக்குதுங்க.

இவரு வாசல்ல நின்னு பாத்தாரு. ‘வசந்தா, ரோட்டுல சாமிய வெக்காத. முட்டுத்தெருவுக்கு எந்தப் பஸ்ஸும் வராது. நாளைக்கு நம்முளுக்குத்தான் வயசாகும்’னாரு. நல்ல காரியம் நடக்கறப்ப வாயில வர்ற வார்த்தையப் பாருங்க. ‘பஸ்ஸ உட்டா உங்களுக்கு வேற ரோசனையே கெடையாதா’ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். அப்பறம் அவரு அதப் பத்திப் பேசல. அபிசேகத்துக்கும் வரல.

ரோடு போடறதுக்கு வண்டி வந்துச்சு. ஓட்டிட்டு வந்த பையன் எறங்கி, செருப்பக் கழட்டிக் கும்புட்டுப்போட்டு, வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டானுங்க. அதுதான் சக்தி. இன்னைக்கு வரைக்கும் எவனும் கை வெக்கல. பொறத்தால நாங்களே செவுரு எழுப்பிக்கிட்டோம்.

அதுக்காக எங்களுக்கு எரக்கம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. அந்தப் பக்கத்துல இருந்து வூட்டு வேலைக்கு வர்றாங்கல்ல, எங்க வூட்டுக்கு வர்ற லூர்து மாதிரி பொம்பளைக, அவிங்க சுத்திக்கிட்டு வர முடியாதுன்னு நாங்களே ஏணி வெச்சுக் குடுத்தோம். ரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொண்ணு. வெடியால ஏறி வருவாங்க, வேலையப் பாத்துட்டு ஏறிப் போயிருவாங்க. லூர்து நெறமாசமா இருக்கறப்பக்கூட அதுலதான் வந்தா. நாந்தான் கீழ நின்னு கையப் புடிச்சு எறக்குவேன். யாரு செய்வாங்க சொல்லுங்க.

பஸ்ஸும் ஒருக்கா வந்துச்சுங்க. இவருதான் டெப்போவுக்கு நடையா நடந்து, பழகுன ஆபீசருகளப் புடிச்சு, ஒரு சோதனை ஓட்டத்துக்கு வாங்கிட்டு வந்தாரு. அன்னைக்கு அவரு பழைய காக்கிச் சட்டைய எடுத்துத் தேச்சுப் போட்டுக்கிட்டாரு. நாங்க ஆரத்தி எடுத்து, மாலை போட்டு, தேங்கா ஒடச்சோம். பஸ்ஸு கோயிலு வரைக்கும் வந்துச்சு. வந்துச்சா, திருப்பறதுக்கு எடமில்ல. முன்ன போனாப் பிள்ளையாரு, பின்ன வந்தா எங்க கேட்டு. கடைசியில தெரு நெடுகப் பின்னாலயே போயிட்டு இருந்துச்சு. இவரு பொறத்தால நடந்துக்கிட்டே, ‘வா வா வா’ன்னு கையக் காட்டிட்டுப் போறாரு. அப்படியிருந்தும் ஒரு லைட்டுக் கம்பத்துல முட்டிருச்சு. அந்த டிரைவரு எறங்கி, ‘இந்தக் கோயிலு இல்லைன்னா நேரா அந்தக் காலனிக்குள்ள போயிருவனே’ன்னு சொன்னானுங்க. கையில கற்பூரத் தட்டோட நிக்கறோம், எங்க முன்னாடியே சொல்றான். அதோட பஸ்ஸு வரல. டிரைவருக்குப் பக்தி இல்லைன்னா நாங்க என்ன பண்றது?

அப்பறம் அந்த நாளு. சொல்றதுக்கே வாய் வல்லீங்க.

காப்பி குடிச்சுப்போட்டுச் செடிக்குத் தண்ணி உட்டுட்டு இருந்தாரு. டியூபு பாட்டுக்கு ஓடிட்டே இருக்குதேன்னு எட்டிப் பாத்தா, செம்பருத்திக்கு அடியில சாஞ்சு கெடக்கறாரு. வாய் ஒரு பக்கமாக் கோணிருச்சு. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். இதா வந்துட்டோம்மா, பக்கத்துலதான் நிக்கறோம்னாங்க. சொன்ன மாதிரியே சத்தம் கேக்குதுங்க. பிள்ளையாருக்குப் பொறத்தால. ஊ ஊன்னு கத்திட்டே நிக்குது, இந்தப் பக்கம் வல்ல. அவிங்க போனுல இருக்கற மேப்புல எங்க தெரு நேராப் போற மாதிரிக் காட்டுதாம். அத நம்பி வந்து செவுத்துக்கிட்ட நின்னுட்டாங்க. இனித் திரும்பி, ஊரச் சுத்தி, ரயில்வே கேட்டத் தாண்டி வரோணும். செவுத்துக்கு அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் என்ற மடியில அவரு தலை. ‘லூர்து, லூர்து’ன்னு கத்துனேன்.

அவ அந்தப் பக்கத்து ஏணியில ஏறி எட்டிப் பாத்தா. பாத்தவ, ‘அண்ணே, ஓடியாங்க’ன்னு ஒரு சத்தம் போட்டா. எத்தன ஆம்பளைகங்க! யாருன்னே எனக்குத் தெரியாது. செவுத்துல தாவித் தாவிக் குதிச்சாங்க. பெட்சீட்டுல இவரக் கெடத்தித் தூக்குனாங்க. கோயிலு மேடைமேல ஏறுனாத்தான் செவுத்துக்கு மேல கை எட்டும். நான்தான் சொன்னேன், ‘செருப்போட மேடையில ஏறாதீங்க, கழட்டிப்போட்டு ஏறுங்க’ன்னு. அவரப் பெட்சீட்டோட கீழ எறக்கி வெச்சாங்க. ஒவ்வொருத்தரும் குனிஞ்சு கழட்டுனாங்க. ஒரு பையன் சூ போட்டிருந்தான், கயித்துல முடிச்சு உழுந்து சட்டுனு அவுக்க வரல. பாவம். அப்பறம் ஏறித் தூக்குனாங்க. சொன்னது தப்புங்களா தம்பி? சாமி எடமில்லீங்களா அது?

நானும் ஏணியில ஏறி எறங்குனேன். அடுக்குமாடி வந்ததுக்கப்பறம் அன்னைக்குத்தான் அந்தப் பக்கத்துல மொதமொதல்ல கால் வெச்சேன். அகலமான தார் ரோடு. எங்க செவுத்துக்கிட்டயே பஸ்ஸு நிறுத்தம், நெழல் போட்டு, பெஞ்சு போட்டு. ரண்டு பஸ்ஸு நிக்குது, டவுனுக்குப் போறது. அவிங்களுக்கு மட்டும் பஸ்ஸு உட்டிருக்கறாங்க பாருங்க! வரி கட்டறது நாங்க.

டாக்டரு பாத்துட்டு, ‘இன்னுங் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாப் பேச்சாச்சும் போகாம இருந்திருக்கும்மா’ன்னாரு. அந்த ஒரு வார்த்தை இன்னும் காதுலயே இருக்குது. அந்த ஆம்புலன்சுக்காரங்க மேப்பச் சரியாப் பாத்திருக்கோணும். நீங்களே சொல்லுங்க, மேப்புல இருக்கறதெல்லாம் நெசமாயிருமா?

இப்ப நீங்க வந்து நிக்கறீங்க. புதுத் திட்டத்துல நிலத்தையும் ரோட்டையும் பஸ்ஸையும் ஒண்ணாப் பாக்கறோம்மாங்கறீங்க. கோயில மரியாதையாப் பார்க் எடத்துக்கு மாத்தி வெச்சு, செவுத்த எடுத்துட்டா, அந்தப் பக்கத்துப் பஸ்ஸு இந்த வழியா மெயின் ரோட்டுக்கு வந்துரும், அய்யாவ வண்டியில தள்ளிட்டே ஆசுபத்திரிக்குப் போயிரலாங்கறீங்க. நல்லாத்தான் படிச்சிருக்கறீங்க. பேச்சும் நல்லா இருக்குது. இத்தன வருசமா நான் கேட்டதும் இதத்தான், ஒட்டுக்காப் பாருங்கன்னு. ஆனா தம்பி, பார்க்க வேண்டியத வேற எங்கயாச்சும் பாருங்க. கோயில மட்டும் தொடாதீங்க. பிரதிஷ்டை பண்ணுன சாமிய எடுத்தா வூட்டுக்கு ஆகாதும்பாங்க. ஏற்கெனவே எங்க வூட்டுல இப்படி ஆயிருக்குது. இன்னும் எதாச்சும் ஆச்சுன்னா நான் தாங்குவனா? எனக்கு இருக்கறது அவரு ஒருத்தருதாங்க.

ஒண்ணு வேணும்னாச் செய்யுங்க. கோயிலுக்கும் எங்க காம்பவுண்டுக்கும் நடுவால ஒரு சந்து இருக்குதுல்ல, அதுல ஒரு சின்னக் கேட்டுப் போட்டுக் குடுங்க. சக்கர நாக்காலி போற அளவுக்குப் போதும். சாவி எங்கிட்ட இருக்கட்டும். நான் இவரக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து பூட்டிக்கறேன். அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு வேணும்னா ஏணி இருக்குது. என்ன சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரிங்க, சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

தலையாட்டறதப் பாத்தா முடியாதுங்கறீங்க. அப்பச் சரி, ஆட்சேபணையப் போட்டுருங்க. என்ற கையெழுத்த இந்தாங்க, போட்டுட்டேன். இந்த வூட்டுல இருந்து ரண்டு பேருன்னு எழுதிக்கங்க. அவருக்கும் சம்மதமில்ல. அவரு எப்படிச் சொல்லுவாருன்னு கேக்கறீங்களா? நாப்பது வருசமாக் கூட இருக்கறேன், எனக்குத் தெரியாதா? வெடியால நீங்க டேப்ப இழுத்துப் புடிச்சு அளந்துட்டு இருந்தீங்கல்ல, ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருந்தாரு. பாத்துட்டு இருந்தவருக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. உழுந்த நாள்ல இருந்து அழுகாத மனுசன். கோயில எடுக்கப் போறாங்களேன்னு அவருக்குத் தாங்கல. அபிசேகத்துக்கு வராதவருக்கு இப்பப் பாருங்க, எப்படிப் பக்தி வந்துருச்சுன்னு.

வாங்க, உள்ள வாங்க. உங்க கண்ணு முன்னாலயே வெச்சுத் தர்றேன். ஏனுங்க, ஆபீசுல இருந்து தம்பி வந்திருக்குது. நம்ம கோயிலுக்காக ஒரு ரேகை வெக்கோணும். வலது கை வராதுங்க தம்பி, இடது கைப் பெருவிரல் போதுமுல்ல? இடது கை நல்லா இருக்குது, கரண்டி புடிச்சுத் தானே சாப்பிடறாரு. அந்த மை டப்பாவ இப்படித் தள்ளுங்க.

இது என்னங்க, மூடிக்கிட்டீங்க? விரலக் குடுங்க. ஒண்ணுமில்லீங்க தம்பி, சீக்குல சில நேரம் கை இப்படி இறுகிக்கும். சித்தெ இருங்க, நான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சர்றேன். யப்பா, என்ன பலம் இந்தக் கைக்கு! டாக்டரு ஒடம்புல பலமே இல்லைன்னாரு. ஏனுங்க, விரிங்க. எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? என்னைய இப்படிப் பாக்காதீங்க. எனக்குப் பயமா இருக்குது. விரிங்க, தம்பி காத்துட்டு நிக்குது.